ஒரு முக்காலிக்கு எத்தனை ஆண்டுகள்?

மகிழ்ச்சியாக வாழ்வது எப்படி என்று சொல்லித் தருவது இன்று இந்நாட்டில் ஒரு பெரும் வணிகம். எந்த நகரத்துப் புத்தகக் கடைக்குள் நுழைந்தாலும் கதையும் கவிதையும் வரலாறும் பின்னடுக்குகளில் ஒதுங்கிக் கிடக்க, முன்வரிசையில் வீற்றிருப்பவை வாழ்வியல் அறிவுரை நூல்களே. ஆங்கிலத்தில் வெளியான சூடு ஆறுமுன்னே அவை இந்திக்கும் மலையாளத்துக்கும் தமிழுக்கும் வந்துவிடுகின்றன. (ஓர் உழவர் எழுச்சியின் வரலாறு அதே வேகத்தில் மொழிபெயர்க்கப்பட்டதாகத் தகவல் இல்லை.) நூல்கள் பல, உபதேசம் ஒன்று. பெரிய மாற்றங்களுக்காகக் காத்திராதே. அன்றாட வாழ்வில் சின்னஞ்சிறு மாற்றங்களைச் செய். மகிழ்ச்சி தானே வந்து சேரும். நாளொன்றுக்கு எட்டுத் தம்ளர் நீர் அருந்து. எட்டு மணி நேரம் உறங்கு. வேலைக்கிடையே உடலுக்குச் சற்று ஓய்வு கொடு. வாரத்தில் ஒரு நாளைக் குடும்பத்துக்கென ஒதுக்கு. படுக்கைக்குச் செல்லுமுன் அன்றைய நாளில் நன்றி பாராட்டத்தக்க மூன்றினைக் குறிப்பேட்டில் எழுது.

இவ்வறிவுரைகளில் பொய் இல்லை. நன்றாக உறங்கியவர் காலையில் தெளிவாக எழுகிறார். நண்பரோடு நாலு வார்த்தை பேசியவருக்கு நெஞ்சின் பாரம் குறைகிறது. இதற்கு ஆராய்ச்சியே தேவையில்லை. ஆகவே இவற்றைக் கேட்டவுடன் உதட்டைப் பிதுக்கும் இடதுசாரிகள் சிலரின் ஏளனம் பொருந்தாதது. சமுதாயம் மாறிவிட்டால் மற்றவையெல்லாம் தாமே சரியாகிவிடும் என்பது அவர்கள் வாதம். ஆனால் நீர் அருந்துவதும், உட்காருவதும், உறங்குவதும் உழைப்பவருக்கு அற்பச் செய்திகள் அல்ல. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் துன்பம் நீங்கிய உவகைக்கு நான்கு நிலைக்களன்களை வகுத்தபோது செல்வத்தை முதலில் வைத்தார். விளையாட்டுக்கும் ஓர் இடம் தந்தார். ஒன்றுமில்லாதவனைப் பார்த்து உள்ளத்தை மட்டும் மாற்றிக்கொள் என்று அவர் சொல்லவில்லை.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்நூல்கள் 'நீ' என்று விளிக்கின்றனவே, அந்த 'நீ' யார்? தன் நாளின் இருபத்து நான்கு மணி நேரத்தையும் தானே வகுத்துக்கொள்ளக்கூடியவர். எழ நினைத்தால் எழுபவர், உட்கார நினைத்தால் உட்காருபவர். இந்தியாவில் உழைத்து வாழ்பவர்களில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர்? எஞ்சியவர்களுக்கு ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் மற்றொருவரின் அனுமதி தேவைப்படுகிறது. அந்த அனுமதி கேட்டவுடன் கிடைப்பதும் இல்லை.

எட்டுத் தம்ளர் தண்ணீரையே எடுத்துக்கொள்ளலாம். கோழிக்கோடு நகரின் மிட்டாய்த் தெரு பெயர்பெற்ற கடைவீதி. அங்குள்ள துணிக்கடைகளிலும் தையலகங்களிலும் நாள் முழுதும் வேலை செய்த பெண்கள் தண்ணீர் குடிப்பதைத் தவிர்த்து வந்தார்கள். கடைகளில் அவர்களுக்கென்று கழிப்பறை இல்லை. அருகிலுள்ள உணவு விடுதிக்குச் சென்று வரவேண்டும். அதற்கும் மேற்பார்வையாளரின் முகம் பார்க்க வேண்டும். காலையில் வீட்டை விட்டுப் புறப்படும்போது தொடங்கும் தாகம் இரவு வீடு திரும்பிய பிறகே தணியும். சிறுநீர்த்தொற்று அவர்களிடையே தொழில் நோயாகவே ஆகிவிட்டது. மாதவிலக்கு நாட்களைச் சொல்ல வேண்டியதில்லை. இவர்களில் ஒருத்தியின் கையில் மகிழ்ச்சி நூலைக் கொடுத்து, நிறைய நீர் அருந்து பெண்ணே என்றால் அவள் என்ன செய்வாள்?

மிட்டாய்த் தெருப் பெண்கள் செய்தது எந்த அறிவுரை நூலிலும் இல்லாதது. அதே தெருவில் தையல் தொழிலாளியாக இருந்த பி. விஜியும் அவரைப் போன்ற பெண்களும் 2009-10 காலத்தில் 'பெண்கூட்டு' என்ற பெயரில் ஒன்றுசேர்ந்தார்கள். முதற் கோரிக்கை கழிப்பறை. அடுத்த கோரிக்கை இன்னும் சிறியது: உட்கார ஒரு முக்காலி. துணிக்கடை விற்பனைப் பெண்கள் பத்து, பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. வாடிக்கையாளர் ஒருவரும் இல்லாத நண்பகலிலும் உட்காரக் கூடாது. சுவரில் சாயவும் கூடாது. உட்கார்ந்தது கண்காணிப்புக் காமிராவில் தெரிந்தால் கூலியில் பிடித்தம். கால்கள் வீங்கி நரம்புகள் சுருண்டு புடைத்த பெண்கள் ஒன்றிரண்டு பேர் அல்லர். பட்டுச் சேலை விரித்த மேடைக்கு மெத்தை உண்டு. அதை எடுத்துக் காட்டும் பெண்ணுக்கு மரப்பலகை கூட இல்லை.

பெரிய தொழிற்சங்கங்கள் இக்கோரிக்கையைக் காதில் வாங்குவதற்கே வெகுகாலம் பிடித்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஊதிய உயர்வுக்கும் போனசுக்கும் பழகிய செவிகளுக்கு முக்காலி என்ற கோரிக்கை வேடிக்கையாகத் தோன்றியிருக்கலாம். அப்பெண்கள் தாங்களே ஒரு தொழிற்சங்கமாகத் திரண்டார்கள். திருச்சூரில் பெரிய துணிக்கடை ஒன்றின் பெண் தொழிலாளர்கள் 2014 டிசம்பர் இறுதியில் தொடங்கி நூறு நாட்களுக்கும் மேலாகத் தெருவில் உட்கார்ந்தார்கள். கடைக்குள் உட்கார உரிமை கேட்டுக் கடைக்கு வெளியே உட்கார்ந்த அந்தப் போராட்டத்துக்கு 'இருக்கைப் போராட்டம்' என்றே பெயராயிற்று. இறுதியில் 2018இல் கேரள இடது ஜனநாயக முன்னணி அரசு கடைகள் மற்றும் வணிக நிறுவனச் சட்டத்தைத் திருத்தி, தொழிலாளர்கள் வேலைக்கிடையே உட்கார்வதற்கு ஏற்பாடு செய்வதைக் கட்டாயமாக்கியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றமும் அவ்வாறே திருத்தம் கொண்டுவந்தது.

நின்றுகொண்டே வேலை செய்வோருக்கு உட்கார வசதி வேண்டும் என்பது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் அன்று. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் அதற்கென ஒரு பிரிவு உண்டு, 44ஆம் பிரிவு. கடைப்பெண்ணுக்கு மட்டும் அது எட்டவில்லை. பிரிட்டனில் 1899ஆம் ஆண்டிலேயே கடை உதவியாளர் இருக்கைச் சட்டம் நிறைவேறிற்று. மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கையாவது வைக்க வேண்டும் என்றது அது. அந்தப் பிரிட்டனின் ஆட்சி இங்கிருந்து போய் 71 ஆண்டுகளுக்குப் பிறகு கேரளத்துப் பெண்களுக்கு ஒரு முக்காலி கிடைத்தது. முக்காலியை விடச் சின்ன மாற்றம் ஒன்று இருக்க முடியுமா? அதை அடைய எத்தனை ஆண்டுகள், எத்தனை வேலை நீக்கங்கள், எத்தனை நாள் வெயில்!

அறிவுரையாளர்கள் அடுத்து வற்புறுத்துவது உறக்கம். தென்னக ரயில்வேயின் எஞ்சின் ஓட்டுநர்கள் 2024 ஜூனில் அந்த அறிவுரையை உண்மையிலேயே கடைப்பிடிக்க முயன்றார்கள். தலைமையிட ஓய்வான 16 மணி நேரத்தோடு வார ஓய்வாக 30 மணி நேரமும் சேர்த்து 46 மணி நேரம் ஓய்வு வேண்டும்; தொடர்ச்சியாக இரண்டு இரவுகளுக்கு மேல் பணி தரக்கூடாது. இவையே கோரிக்கைகள். ஓய்வைத் தாங்களாகவே எடுத்துக்கொண்டவர்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை பாய்ந்தது. பின்னர் 2025இல், ஓடும் வண்டியின் ஓட்டுநருக்கு உணவுக்கும் இயற்கை உபாதைக்கும் இடைவேளை ஒதுக்குவது நடைமுறையில் இயலாது என்ற முடிவுக்கு ரயில்வே நிர்வாகம் வந்தது. பெரும்பாலான எஞ்சின்களில் கழிப்பறை இல்லை என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். ஆயிரக்கணக்கான பயணிகளின் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்றாம் இரவும் நான்காம் இரவும் கண்விழித்திருக்கும் அந்த மனிதருக்கு நன்றிக் குறிப்பேடு ஒன்றைப் பரிசளித்து என்ன பயன்?

ஓய்வு மறுக்கப்படும்போது உடல் எந்த எல்லை வரை விலை கொடுக்கிறது என்பதற்கு மராட்டிய மாநிலத்தின் பீட் மாவட்டம் சான்று. அங்கிருந்து கரும்பு வெட்டப் புலம்பெயரும் கணவனையும் மனைவியையும் ஒப்பந்தக்காரர்கள் 'ஒரு கொய்தா' என்று கணக்கிடுகிறார்கள். கொய்தா என்றால் அரிவாள். இரு மனிதர் சேர்ந்து ஒரு கருவி. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் தண்டத் தொகை. மாதவிலக்கு வலியும் அதற்கு விலக்கல்ல. 2019இல் மராட்டிய அரசு அமைத்த குழு ஏறத்தாழ 82,000 பெண்களிடம் விசாரித்தபோது, அவர்களில் 13,000க்கும் மேற்பட்டோர் கருப்பை நீக்கப்பட்டவர்கள் என்று தெரியவந்தது. இளவயதுப் பெண்கள் பலர் அவர்களில் அடக்கம். மாதம் இரண்டு நாள் விடுப்பு என்ற சின்ன மாற்றம் இல்லாத இடத்தில், உறுப்பையே அறுத்தெறிவது என்ற பெரிய மாற்றம் நடந்துவிடுகிறது.

இத்தகைய நாட்டில்தான் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்குமாறு இளைஞர்களுக்கு 2023 அக்டோபரில் நாராயண மூர்த்தி அறிவுறுத்தினார். அது போதாதென்று 2025 ஜனவரியில் எல் அண்டு டி தலைவர் சுப்ரமணியன் 90 மணி நேரத்துக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஊழியர்களை வேலை வாங்க முடியவில்லையே என்று வருந்திய அவர், வீட்டில் இருந்து மனைவியின் முகத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியும் என்றும் கேட்டார். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் கணக்குப்படி இந்தியத் தொழிலாளர்களில் பாதிப் பேருக்கும் மேல் ஏற்கெனவே வாரத்துக்கு 49 மணி நேரமோ அதற்கு மேலோ உழைக்கிறார்கள். அளவு மீறிய வேலை நேரம் மனநலத்தைக் கெடுக்கும் என்பதற்கு ஆதாரமான ஆய்வுகளை ஒன்றிய அரசின் 2024-25 பொருளாதார ஆய்வறிக்கையே எடுத்துக்காட்ட வேண்டியதாயிற்று.

சுப்ரமணியனை வருத்திய அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வரலாறு உண்டு. அது வானத்திலிருந்து விழுந்த விடுமுறை அல்ல. பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்கு வார விடுமுறை வேண்டும் என்று 1884 முதல் கூட்டங்கள் கூட்டியும் மனுக்கள் கொடுத்தும் போராடியவர் நாராயண் மேகாஜி லோகண்டே. ஜோதிராவ் புலேயின் சத்தியசோதக் சமாஜத்தைச் சேர்ந்தவர். ஆலை முதலாளிகள் இணங்கியது 1890 ஜூன் 10 அன்று. அதுவரை பம்பாயின் ஆலைத் தொழிலாளிக்குக் குழந்தையோடு இருக்க ஒரு பகல் வாய்த்ததில்லை. வாரத்தில் ஒரு நாளைக் குடும்பத்துக்கு ஒதுக்கு என்று இன்று எளிதாக எழுதிவிடும் அறிவுரையாளர், அந்த ஒரு நாளை வாங்கித் தந்தவரின் பெயரைத் தம் நூலின் எந்த மூலையிலும் குறிப்பிடுவதில்லை.

அரசுகளும் இப்போது மகிழ்ச்சி வணிகத்தில் இறங்கிவிட்டன. மத்தியப் பிரதேசத்தில் 2016இல் பாஜக அரசு ஆனந்தத்துக்கென்றே ஒரு துறையை அமைத்தது. தேவைக்கு மிஞ்சிய பொருளை ஓரிடத்தில் வைத்துவிட்டுப் போகலாம், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம், கொடுப்பதில் உள்ள ஆனந்தத்தை எல்லோரும் உணரலாம் என்று விழா எடுத்தது. அடுத்த ஆண்டு அதே மாநிலத்தின் மந்த்சௌரில் விளைபொருளுக்கு விலையும் கடன் தள்ளுபடியும் கேட்டுத் திரண்ட உழவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 2017 ஜூன் 6 அன்று குண்டடிபட்டு ஐவர் மாண்டனர். வெங்காயத்துக்குக் கட்டுப்படியாகும் விலை என்பது உழவரின் அன்றாட வாழ்வில் ஒரு நடைமுறை மாற்றம்தான். ஆனந்தத் துறையின் பட்டியலில் அது இடம்பெற்றிருக்கவில்லை போலும்.

2024இல் புனேயில் பன்னாட்டுக் கணக்கியல் நிறுவனம் ஒன்றில் சேர்ந்து நான்கே மாதமான 26 வயதுப் பெண் ஒருவர் இறந்தார். ஓயாத வேலைப்பளுவே மகளின் உயிரைக் குடித்தது என்று அவருடைய தாய் நிறுவனத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். நிறுவனம் அதை ஏற்கவில்லை. அதையொட்டிச் சென்னையருகே கல்லூரி விழா ஒன்றில் பேசிய ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், மன அழுத்தத்தைத் தாங்கும் உள்வலிமையை வீடும் கல்விக்கூடமும் கற்பிக்க வேண்டும், அவ்வலிமை இறைநம்பிக்கையால் வரும் என்ற பொருள்படப் பேசினார். அறிவுரை நூல்களின் சாரம் அரசின் குரலிலேயே வெளிப்பட்ட தருணம் அது. வேலை நேரத்தைக் குறைக்க வேண்டியது நிறுவனமும் சட்டமும். ஆனால் பாடம் படிக்க வேண்டியவர்கள் மட்டும் இறந்துபோன பெண்ணும் அவளைப் பெற்றவர்களும்! தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2021இல் தற்கொலை செய்துகொண்ட 1,64,033 பேரில் 42,004 பேர் தினக்கூலிகள். நான்கில் ஒருவர். இத்தனை பேருக்கும் குறைவாக இருந்தது உள்வலிமைதானா?

உலக மகிழ்ச்சி அறிக்கை வெளிவரும் ஒவ்வொரு மார்ச்சிலும் இந்தியாவின் இடம் பற்றி ஒரு சலசலப்பு எழுந்து அடங்குகிறது. 2025இல் 147 நாடுகளில் 118ஆம் இடம். ஆளும் தரப்பினர் அது மேலைநாட்டார் சூழ்ச்சி என்கிறார்கள். அறிவுரை வணிகர்களோ தொடர்ந்து முதலிடம் பெறும் பின்லாந்தின் 'இரகசியத்தை' விற்கக் கிளம்பிவிடுகிறார்கள்: நீராவிக் குளியல், காட்டு நடை, குளிர்ந்த ஏரியில் நீச்சல். அந்நாட்டு ஊழியர்களில் மிகப் பெரும்பாலோர் தொழிற்சங்கங்கள் பேசி முடித்த கூட்டுப்பேர ஒப்பந்தங்களின் பாதுகாப்பில் இருக்கிறார்கள் என்ற இரகசியத்தை மட்டும் யாரும் விற்பதில்லை. அது ஒருவர் தனியாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போகக்கூடிய பொருள் அன்று. காரல் மார்க்சின் மகள்கள் வீட்டு விளையாட்டாகத் தந்தையிடம் சில கேள்விகள் கேட்டு எழுதிவைத்தார்கள். மகிழ்ச்சி எது என்பதற்கு அவர் போராடுவதைச் சொன்னார். துயரம் எது என்பதற்கு அடங்கிப் போவதைச் சொன்னார். மிட்டாய்த் தெருவின் பெண்களுக்கு இதை விளக்க வேண்டிய தேவை இருந்திருக்காது.

எவருடைய அனுமதியும் தேவைப்படாத சின்ன மாற்றம் ஒன்றேனும் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, அதைப் பேசும்போது இந்த இதழைப் படிக்கும் ஆண் தோழர்கள் சற்று நெளிய வேண்டியிருக்கும். 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார். ஈடுபடும் ஆண் 88 நிமிடம். அந்த 88 நிமிடத்தைக்கூட ஈடுபடாத ஆண்களே பெரும்பான்மை. கடையில் பத்து மணி நேரம் நின்ற பெண் வீட்டுக்கு வந்து அடுப்படியிலும் நிற்கிறார். அவருக்கு அங்கே முக்காலி மறுப்பது எந்த முதலாளி? எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர ஓய்வு, எட்டு மணி நேரம் தமக்கென்று: ராபர்ட் ஓவன் காலத்திலிருந்து தொழிலாளி வர்க்கம் முழங்கிவரும் இக்கணக்கில் பெண்ணின் நாள் எப்போதாவது சேர்த்து எண்ணப்பட்டதா? மாலைக் கூட்டம் இரவு பத்து மணி வரை நீள்கிறது. உலகப் பொருளாதாரம் அலசப்படுகிறது. வீடு திரும்பும் தோழருக்குச் சோறு சூடாகக் காத்திருக்கிறது. தட்டைத் தானே கழுவி வைப்பதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டியதில்லை. கூட்டத்தை எட்டு மணிக்கு முடித்தால் பெண் உறுப்பினர்களும் வர முடியும் என்பதைக் கண்டுபிடிக்க மாநிலக் குழுவின் தீர்மானமும் வேண்டியதில்லை.

சட்டத்தால் ஆனவற்றுக்கோ வேறு ஆபத்து வந்திருக்கிறது. தொழிலாளர் சட்டங்களை விழுங்கிய நான்கு சட்டத் தொகுப்புகளில் 'ஆய்வாளர்' என்ற பழைய பதவி மறைந்து, 'ஆய்வாளரும் வசதியளிப்பவரும்' என்ற புதுப் பெயர் வந்துவிட்டது. யாருக்கு வசதி என்பதைப் பெயர் சொல்லவில்லை, நடைமுறை சொல்லும். கடைகள் சட்டத்தின் இருக்கைப் பிரிவும் இதே காற்றில்தான் நிற்க வேண்டும். பல கடைகளில் முக்காலிகள் வாங்கப்பட்டிருக்கின்றன. கிடங்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. தொழிலாளர் துறையிலிருந்து ஒருவர் வருகிறார் என்று தெரிந்தால் வெளியே வருகின்றன. அன்று மட்டும் பெண்கள் உட்காருகிறார்கள். புகார் கொடுக்கத் துணிகிறவருக்கு மறுநாள் வேலை இருக்காது. அதனால் புகார் தனியொருவரின் பெயரில் போகக் கூடாது. சங்கத்தின் பெயரில் போக வேண்டும். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் உள்ள கிளைகள் அடுத்த பண்டிகைக் கூட்டம் தொடங்குவதற்கு முன்பே தத்தம் கடைவீதியில் இறங்கி, எத்தனை கடைகள், எத்தனை பெண்கள், எத்தனை முக்காலிகள், கழிப்பறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கடைகடையாகக் குறித்துக்கொண்டு வரலாம். தீபாவளி நெருங்கிவிட்டால் இரவு பதினொரு மணி வரை நின்றுகொண்டிருக்கும் அப்பெண்களிடம் பேசக்கூட நேரம் கிடைக்காது.